பில்லில் வராத செலவு: ஒரு பனியனும் நொய்யல் ஆறும்

அணை என்றால் விவசாயிகள் வழக்கமாக வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: ‘தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.’ அதற்காக மனு கொடுப்பார்கள், மறியல் செய்வார்கள், கோர்ட் படியும் ஏறுவார்கள். ஆனால், தமிழ்நாட்டில் ஓர் அணையின் விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய் நேர்மாறாகக் கேட்டார்கள். ‘தயவுசெய்து தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள்!’

அந்த அணையின் பெயர் ஒரத்துப்பாளையம். சென்னிமலை அருகே, நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1992-ல் திறக்கப்பட்டது. அன்றைய ஈரோடு மாவட்டத்திலும் கரூர் பக்கத்திலும் உள்ள வானம் பார்த்த பூமியை நனைப்பதற்காகக் கட்டிய அணை. ஐந்தே ஆண்டுகளில், 1997 வாக்கில், அது பாசன அணையாக இல்லை. மேலே திருப்பூரிலிருந்து வரும் சாயக்கழிவு வந்து தேங்கும் தொட்டியாகிவிட்டது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினால் பயிர் பிழைக்காது, நிலமும் கெடும். பக்கத்துக் கிணறுகளும் உப்பாகிப்போகும் என்பதால்தான் விவசாயிகள் அப்படிக் கேட்டார்கள்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நாம் கடையில் வாங்கும் எந்தப் பொருளிலும் ஒளிந்திருக்கும் கணக்கு அது. ஒரு பனியனை வைத்தே அதைப் பார்க்கலாம்.

பனியன் முதலாளியின் நோட்டுப் புத்தகம்

ஒரு பனியன் தயாராக என்னென்ன செலவு? நூல் வாங்க வேண்டும். நிட்டிங் மெஷினில் துணியாக்க வேண்டும். அதை வெளுத்துச் சாயம் போட வேண்டும். பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதற்கிடையில் கூலி, கரன்ட் பில், வட்டி, வாடகை, லாரி வாடகை. எல்லாவற்றையும் கூட்டி, லாபத்தையும் சேர்த்தால் விலை வந்துவிடும்.

முதலாளியின் நோட்டுப் புத்தகத்தில் உள்ள இந்தச் செலவுகளுக்குப் பொருளாதார நிபுணர்கள் வைத்திருக்கும் பெயர் ‘தனியார் செலவு’. இவை ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வந்து காசு கேட்பார். நூல்காரர் கேட்பார், தையல்காரர் கேட்பார், மின்வாரியம் கேட்கும்.

ஆனால், சாயம் போட்டு முடித்த கழிவுநீரை ஆற்றில் விட்டால்? ஆறு வந்து காசு கேட்காது. அதனால் அது நோட்டில் ஏறாது. நோட்டில் ஏறாத செலவு இல்லாமல் போய்விடுவதும் இல்லை. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், அந்தப் பனியனைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு குடும்பத்தின் நோட்டில் போய் ஏறுகிறது. முதலாளியின் செலவோடு இப்படி ஊரார் தலையில் விழும் செலவையும் சேர்த்துக் கூட்டினால் வருவதுதான் ‘சமூகச் செலவு’. பொருளின் உண்மையான விலை அதுதான்.

தரகர் வேலை பார்க்கும் உப்பு

சாயத்தில் அப்படி என்ன இருக்கிறது? கறுப்பாகவும் சிவப்பாகவும் ஆறு ஓடிய படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியும் அந்த நிறத்தைவிடப் பெரிய சிக்கல், கண்ணுக்குத் தெரியாத உப்பு.

பருத்தி இழையும், அதற்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் குணம் கொண்டவை. இரண்டையும் நெருங்க வைக்கும் கல்யாணத் தரகர்தான் உப்பு. சமையல் உப்பு அல்லது சோடியம் சல்ஃபேட்டைக் கலந்தால்தான் சாயம் துணியை நாடிப் போகும். கறுப்பு, கருநீலம் மாதிரி அடர் நிறம் என்றால் ஒரு கிலோ துணிக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்புகூடத் தேவைப்படும். கல்யாணம் முடிந்ததும் தரகருக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. உப்பு துணியில் தங்குவதில்லை. போட்ட உப்பு அத்தனையும், துணியில் ஒட்டாத சாயத்தோடு சேர்ந்து கழிவுநீரில் வெளியேறிவிடும்.

திருப்பூர் சாயப்பட்டறைகள் உச்சத்தில் இயங்கிய காலத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 8 கோடி லிட்டர் கழிவுநீர் வெளியேறியது. லிட்டருக்கு 5 கிராம் உப்பு என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 400 டன் ஆகிறது. பத்து டன் லாரியில் 40 லோடு உப்பு. அதை ஒருவர் தினமும் ஆற்றில் கொண்டுவந்து கொட்டினால் ஊரே திரண்டு லாரியை மடக்கியிருக்கும். தண்ணீரில் கரைந்து வந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் பெரஸ் சல்ஃபேட்டும் போட்டுச் சாயத்தை வண்டலாகப் படியவைத்தார்கள். தண்ணீர் ஓரளவு தெளிந்து வெளியே வந்தது. உப்பு மட்டும் அப்படியே இருந்தது. கரைந்த உப்பைச் சுண்ணாம்பு போட்டுப் பிரிக்க முடியாது. குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆற்றில் விடும் கழிவுநீருக்கு 2,100 என்பது வரம்பு. சாயக்கழிவில் இருந்ததோ பல ஆயிரம்.

நொய்யல், வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு. காஞ்சிமாநதி என்ற பழைய பெயரும் அதற்கு உண்டு. ஆண்டு முழுக்க வெள்ளம் ஓடும் ஆறு இல்லை, மழைக்கு ஓடும் ஆறு. மற்ற மாதங்களில் அதில் ஓடியது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடையும் சாயக்கழிவும்தான். அதைக் கொண்டுபோய் அணை கட்டித் தேக்கினால் என்ன ஆகும்? தேங்கிய உப்புநீர் நிலத்துக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குள் போய்ச் சேர்ந்தது.

யார் யார் காசு கொடுத்தார்கள்?

ஊறுகாய் போடும்போது மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வைத்தால் என்ன நடக்கும்? கொஞ்ச நேரத்தில் மாங்காயிலிருந்து தண்ணீர் ஊறி வெளியே வரும். உப்பு தண்ணீரை இழுக்கும். உப்பேறிய மண்ணில் நிற்கும் பயிருக்கும் இதே கதிதான். காலடியில் ஈரம் இருந்தும் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. சோடியம் சேரச் சேர மண்ணும் இறுகிப்போகும். மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது.

ஆற்றோரத்தில் ஐந்து ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும் வைத்திருக்கும் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர்களின் நோட்டுப் புத்தகத்தில் என்னென்ன ஏறும்?

முதலில் மஞ்சளும் வாழையும் போகும். உப்பைத் தாங்கும் பயிருக்கு மாற வேண்டும். அதில் வருமானம் குறைவு. அடுத்து, தென்னையில் காய்ப்பு குறையும். ‘ஆழத்தில் நல்ல தண்ணீர் இருக்கும்’ என்று கடன் வாங்கி போர் போடுவார்கள். குடிக்க, சமைக்கத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அல்லது வீட்டுப் பெண்கள் தூரத்துக் குழாயடிக்குக் குடத்தோடு நடக்க வேண்டும். மாடுகளுக்கும் வேறு தண்ணீர் பார்க்க வேண்டும். நிலத்தை விற்றுவிடலாம் என்றால், உப்புத் தண்ணீர்க் கிணறு உள்ள தோட்டத்தை நல்ல விலைக்கு யார் வாங்குவார்கள்? கடைசியில் பிள்ளைகள் வேலை தேடிக் கிளம்புவார்கள். அந்தப் பக்கத்தில் வேலை கிடைக்கும் ஊர் எது? திருப்பூர்தான்!

குடும்பங்களோடு முடியவில்லை. பாசனத்துக்கென்று மக்கள் வரிப்பணத்தில் கட்டிய அணை, கட்டிய நோக்கத்துக்குப் பயன்படாமல் நின்றது. அணையில் மீன் வளர்ப்பும் பாழானது. ஆற்றோரக் கிராமங்களுக்கு வெளியிலிருந்து குடிநீர் கொண்டுவரும் செலவு அரசின் தலையில் விழுந்தது.

சாயப்பட்டறைகளும் தப்பவில்லை என்பதுதான் வேடிக்கை. சாயம் போட நல்ல தண்ணீர் வேண்டும். ஊருக்குள் நிலத்தடி நீர் கெட்டுப்போனதால், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து டேங்கர் லாரிகளில் தண்ணீரை விலைக்கு வாங்க ஆரம்பித்தார்கள். பிறகு, பவானி பகுதியிலிருந்து திருப்பூருக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவர ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவில் ஒரு திட்டமே போட வேண்டி வந்தது. ஒவ்வொருவரும் மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு, எல்லோருடைய பையிலிருந்தும் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது.

மான்செஸ்டர் துணி துவைத்த கணக்கு

இந்தச் சிக்கலுக்கு வயது நூறுக்கும் மேல். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் பிகு 1920-ல் வெளியிட்ட ‘தி எகனாமிக்ஸ் ஆஃப் வெல்ஃபேர்’ நூலில் இதை விளக்கினார். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று நம் வீட்டு உதாரணம் மாதிரியே இருக்கும். ஆலைப் புகை சூழ்ந்த மான்செஸ்டரில் தொழிலாளர் குடும்பங்கள் துணி துவைக்கச் செய்த செலவையும், புகை குறைந்த ஹாரோகேட் என்ற ஊரில் அதே வேலைக்கு ஆன செலவையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு அது. புகைக்குள் வாழ்ந்த குடும்பங்கள் வாராவாரம் கூடுதலாகச் செலவழித்தன. அந்தக் காசை ஆலை முதலாளிகளின் கணக்கில் யாரும் எழுதவில்லை. துவைத்தவர்களின் கையும் சோப்பும்தான் தேய்ந்தன.

பிகு சொன்ன வழி எளிமையானது. ஒருவருடைய தொழில் அடுத்தவர் மீது எவ்வளவு செலவை ஏற்றுகிறதோ, அந்த அளவுக்கு அவரிடமே வரியாக வாங்கு. அப்போது அந்தச் செலவும் நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிடும். ஏறிவிட்டால், அதைக் குறைக்க அவரே வழி தேடுவார். நூல் வீணாகாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்த முதலாளிக்கு, கழிவுநீரைக் குறைக்கவும் நன்றாகவே தெரியும்.

நல்ல மனசு மட்டும் ஏன் போதாது?

‘முதலாளிகளுக்கு மனசாட்சி இல்லையா?’ என்று கேட்கத் தோன்றும். திருப்பூரின் சாயப்பட்டறைகளில் பல, ஜாப் ஒர்க் செய்பவை. துணி அவர்களுடையது இல்லை. ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு சாயம் போட்டுக் கொடுப்பார்கள். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டாலே ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் மட்டும் நல்லவராக இருந்து, சொந்தச் செலவில் கழிவுநீரைச் சுத்தம் செய்தால் கூலி உயரும். உயர்ந்தால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான். ஆற்றில் விடுகிறவர் பட்டறை நிலைக்கும். நல்லவரைத் தண்டித்து, தட்டிக்கழிப்பவருக்குப் பரிசு கொடுக்கும் ஏற்பாடு இது. அதனால்தான் ‘எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே நாளிலிருந்து’ என்று ஒருவர் வெளியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அது அரசின் வேலை. ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் மாசு உண்டாக்கும் புதிய தொழிற்சாலைகள் கூடாது என்று தமிழக அரசு 1989-லேயே ஆணை போட்டிருந்தது. ஆணை இருந்தது, ஆற்றில் சாயமும் ஓடியது. கடைசியில் கோர்ட் வர வேண்டியதாயிற்று.

கோர்ட் கொண்டுவந்த பில்

1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. வழக்கு திருப்பூருடையது அல்ல. வேலூர் மாவட்டத்தில் பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் மீதான வழக்கு. ‘மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியது என்று அந்தத் தீர்ப்பு கூறியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுப்பதோடு நிற்காமல், கெட்டுப்போன சுற்றுச்சூழலைச் சீராக்கும் செலவும் அவர்களுடையதே என்றது. இழப்பைக் கணக்கிடத் தனி ஆணையமும் அமைக்கப்பட்டது.

நொய்யல் கரையின் இழப்பையும் அந்த ஆணையம் கணக்கிட்டது. 68 கிராமங்களில் சுமார் 28,500 விவசாயிகளுக்கு, 2004 வரையிலான சில ஆண்டுகளின் இழப்புக்காகச் சுமார் 25 கோடி ரூபாய் என்று முடிவானது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 8,700 ரூபாய் அளவில் வருகிறது. ஒரு போர்வெல் போடக்கூடக் காணாது. ஆனாலும், அதுவரை யார் நோட்டிலும் இல்லாத ஒரு செலவு முதல்முறையாக எண்ணாக எழுதப்பட்டது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத நிலையை 2007 ஜூலை 31-க்குள் எட்ட வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம்: முதலில் 6 பைசா, பிறகு 8, அதன் பிறகு 10 பைசா. 2009 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிசெய்து, மேலும் மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. அதற்குப் பிறகும் கழிவுநீர் நிற்காததால், 2011 ஜனவரி 28-ல் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி ஹைகோர்ட் உத்தரவிட்டது. மின் இணைப்பும் துண்டிக்கப்பட்டது.

திருப்பூர் ஆடிப்போனது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். பலர் சொந்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள். ஆற்றில் கழிவை விடும் முடிவை எடுத்தவர்கள் அவர்கள் இல்லை. அவர்களும் இந்தச் செலவில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள்.

ஒரு பனியனுக்கு எவ்வளவு?

இத்தனை ஆண்டு இழுபறியும் எத்தனை ரூபாய்க்காக? கையில் கால்குலேட்டர் இருக்கிறதே, போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோ துணிக்குச் சாயம் போட 60 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ துணியில் 200 கிராம் எடையுள்ள ஐந்து டி-ஷர்ட் வரும். அப்படியானால் ஒரு டி-ஷர்ட்டுக்கு 12 லிட்டர் கழிவுநீர். கோர்ட் போட்ட அதிகபட்ச அபராதமான 10 பைசா கணக்கில், ஒரு டி-ஷர்ட்டுக்கு 1 ரூபாய் 20 பைசா. முழுமையான சுத்திகரிப்புக்கு அபராதத்தைவிட அதிகம் செலவாகும். லிட்டருக்கு 25 பைசா என்றே போட்டாலும், ஒரு டி-ஷர்ட்டுக்கு 3 ரூபாய்.

கடையில் 300 ரூபாய்க்கு டி-ஷர்ட் எடுக்கும் நமக்கு இந்த 3 ரூபாய் பெரிதாகத் தெரியாது. வெளிநாட்டில் டாலரிலும் யூரோவிலும் வாங்குகிறவருக்குக் கண்ணிலேயே படாது. ஆனால், அதே கணக்கு சாயப்பட்டறைக்காரருக்குக் கிலோவுக்கு 15 ரூபாய். கிலோ கணக்கில் கூலி வாங்கிப் பிழைக்கும் அவருக்கு அது வாழ்வா சாவா கணக்கு.

சிக்கல் எங்கே என்று இப்போது தெரிகிறது. தொகை பெரிதில்லை, அது சங்கிலியின் மிக பலவீனமான கண்ணியில் போய் உட்கார்ந்திருந்தது. சாயப்பட்டறையிலிருந்து பனியன் கம்பெனிக்கும், அங்கிருந்து வெளிநாட்டு பிராண்டுக்கும், கடைசியாக உடுத்துகிறவருக்கும் அந்த 3 ரூபாய் நகர்ந்திருக்க வேண்டும். எதிர்த்திசையில் நகர்ந்தது. ஆற்றோடு கீழே போய், பேரம் பேசவே வாய்ப்பில்லாத விவசாயியிடம் நின்றது. அங்கே போனபோது அது 3 ரூபாயாகவும் இல்லை. ஒரு கிணறாகவும், ஒரு தோட்டமாகவும் ஆகியிருந்தது. மாசை உண்டாகும் இடத்திலேயே தடுக்க ஆகும் செலவு குறைவு. பரவிய பிறகு சரிசெய்ய ஆகும் செலவு பல மடங்கு. சில சேதங்களை எவ்வளவு கொடுத்தாலும் சரிசெய்ய முடியாது.

பில்லைக் கட்டிய பிறகு

மூடிய பட்டறைகள் பிறகு படிப்படியாகத் திறந்தன. இன்று திருப்பூரில் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவை மட்கவைத்து, நம் வீட்டு ஆர்.ஓ. மெஷின் போன்ற பெரிய சவ்வு வடிகட்டிகளில் செலுத்தி, மிஞ்சும் கடும் உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். தண்ணீரும், உப்பில் ஒரு பகுதியும் மறுபடி சாயப்பட்டறைக்கே போகின்றன. இந்த மாற்றத்துக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அந்த வட்டி, நீங்களும் நானும் கட்டிய வரி.

‘இவ்வளவு செலவைத் தலையில் ஏற்றினால் தொழிலே அழியும்’ என்ற பயம் அப்போது பலமாக இருந்தது. மூடலுக்கு முன்பு 12,000 கோடி ரூபாய் அளவில் இருந்த திருப்பூரின் ஆண்டு ஏற்றுமதி, 2024-25-ல் 40,000 கோடி ரூபாயை நெருங்கியது. இடையில் விலைவாசியும் டாலர் மதிப்பும் ஏறியிருக்கின்றன என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். என்றாலும் ஊர் அழியவில்லை. ‘எங்கள் தண்ணீரை நாங்களே சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகிறோம்’ என்பதே இன்று வெளிநாட்டு வியாபாரிகளிடம் சொல்லி ஆர்டர் பிடிக்கும் விஷயமாகியிருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. பிரித்தெடுத்த கலப்பு உப்பு, பயன்படுத்த வழியில்லாமல் கிடங்குகளில் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. உப்புநீரைக் காய்ச்ச ஏகப்பட்ட எரிபொருளும் மின்சாரமும் வேண்டும். அந்தப் புகைக்கும் ஒரு விலை உண்டு. கட்டுப்பாடு இறுகியபோது சில பட்டறைகள் வேறு மாவட்டங்களுக்கு இடம் மாறின. திருட்டுத்தனமாகக் கழிவை விடுவதாகப் புகார்கள் இன்னும் வருகின்றன. கோவையிலும் திருப்பூரிலும் நம் வீடுகளிலிருந்து போகும் சாக்கடையும் நொய்யலில்தான் கலக்கிறது. அந்த விஷயத்தில் மாசுபடுத்துகிறவர் பட்டியலில் நம் பெயரும் இருக்கிறது. நிலத்துக்குள் இறங்கிய உப்போ, கோர்ட் உத்தரவைக் கேட்டு வெளியேறாது. மழை பெய்து பெய்துதான் கரைய வேண்டும்.

தாமதத்தின் விலைக்குப் பாலாறே சாட்சி. 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த அந்த வழக்கில், பாதிக்கப்பட்ட வேலூர் மாவட்டக் குடும்பங்களுக்கு நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலியுங்கள் என்று சுப்ரீம் கோர்ட் 2025 ஜனவரி 30-ல் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள். தீர்ப்பு வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும்.

நாம் கேட்க வேண்டியது

‘அப்படியானால் திருப்பூர் பனியன் வாங்கக் கூடாதா?’ என்றால், தாராளமாக வாங்கலாம். கணக்கில் வராத செலவு பனியனில் மட்டும் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பலிலும், செங்கல் சூளைப் புகையிலும், குப்பைமேட்டுத் தீயிலும், நாம் ஓட்டும் வண்டியிலும் அது இருக்கிறது. தொழிலே வேண்டாம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. தொழில்தான் பல லட்சம் வீடுகளில் அடுப்பெரிய வைக்கிறது. செலவை யார் நோட்டில் எழுதுவது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்கச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. குறிப்பிட்ட வகைப் பெரிய தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் வருவதற்கு முன், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது விதி. மாவட்ட நிர்வாகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து நடத்தும் கூட்டம் அது. பெரும்பாலும் ‘எத்தனை பேருக்கு வேலை?’ என்ற ஒரு கேள்வியோடு முடிந்துவிடும். உங்கள் ஊரில் அப்படி ஒரு கூட்டம் நடந்தால் இன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள்? பயன்படுத்திய தண்ணீர் எங்கே போகும்? அதைச் சுத்தம் செய்யும் செலவு உங்கள் திட்ட மதிப்பீட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாவிட்டால், அந்தச் செலவை உங்கள் ஊரின் பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரத்துப்பாளையத்து விவசாயிகளிடம் இந்தக் கேள்வியை முன்கூட்டி யாரும் கேட்கவும் இல்லை, அவர்களைக் கேட்க விடவும் இல்லை. அவர்களுக்கு விஷயம் தெரிந்தது, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்த பிறகுதான்.